நான்கு நிமிடம் இருபது நொடி

முதல் வாய்க்குத் தண்ணீர் கலக்காதீர்கள், மிஸ் ஏப்ரம்ஸ். கலந்துதான் குடித்தோம் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். பெரிய தவறில்லை. லேபிளில் அறுபத்திரண்டு சதவீதம் என்று பார்த்ததும் யாருக்கும் கை தண்ணீர்க் குவளைக்குத்தான் போகும். ஆனால் இருபத்து மூன்று வருடம் பீப்பாயில் கிடந்த ரம்மை, பீப்பாயில் இருந்த வலுவிலேயே முதலில் நாக்கில் விட வேண்டும். கொஞ்சம் போதும். கீழ்ப்பல்லுக்குப் பின்னால் அதைக் கிடக்க விட்டு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் எரிச்சல் தானாக அடங்கும். இரண்டாவது வாய்க்கு ஒரு சின்னக் கரண்டி தண்ணீர் சேர்க்கலாம்.

உங்கள் கேள்விக்கு இது பதில் இல்லை என்று தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் இங்கே பெர்பிஸ் ஆற்றங்கரையில் எங்கள் வடிசாலைக்கு வந்து எழுதிய ருசிக் குறிப்பைப் புத்தகத்தில் சேர்க்கப் போகிறீர்கள். அதற்காக, பத்திரமாக வைத்திருந்த கடைசிப் புட்டியைத் திறந்து நாலு நண்பர்களோடு குடித்துப் பார்த்தீர்கள். வாசனை அப்படியே இருந்தது. ருசியும் எழுதினபடியே ஒவ்வொன்றாக வந்தது. விழுங்கின பிறகு அந்த ருசி வாயில் நிற்கும் நேரம் மட்டும் பொருந்தவில்லை. அன்று ருசி போய்விட்டது என்று நான் விரலைத் தூக்கியது நான்கு நிமிடம் இருபது நொடியில். உங்களில் ஒருவருக்கும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. புட்டி கெட்டுப்போனதா, எங்கள் நாக்குக்கு வயதாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

புட்டி கெடவில்லை. உங்கள் நாக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

காரணத்தைச் சொல்ல எனக்குச் சில பக்கம் வேண்டும். நான் மெதுவாக எழுதுகிறவன். பத்து வயதில் கரும்பு வெட்டப் போனேன். முதுகு போன பிறகு வடிசாலைக்கு வந்து ஊறல் தொட்டி கழுவினேன். நாற்பத்து நாலு வயது வரைக்கும் எங்கே கையெழுத்துக் கேட்டாலும் கட்டை விரலைத்தான் நீட்டினேன். அதற்குப் பிறகுதான் எழுத்து வந்தது. சொல்லிக்கொடுத்தவர் ஐஸ்மே டீச்சர். எங்கள் வரிசையில் நாலாவது வீடு. வீட்டுக்குக் கீழே தூண்களுக்கு நடுவில் பெஞ்சு போட்டு, செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்தார். ஏழு பேர் சேர்ந்தோம். மழைக்காலம் முடிவதற்குள் நான் ஒருவன்தான் மிச்சம்.

அவருடைய கணவன்தான் ஆஸ்மண்ட் ட்ராட்மன். பத்தொன்பது வருடம் என்னோடு தொட்டிக் கொட்டகையில் வேலை செய்தவன். வீட்டிலேயே டீச்சர் இருந்தும் அவன் எழுத்துப் பக்கம் வரவில்லை. கேட்டால், "வீட்ல ஒருத்தர் என் தப்பத் திருத்துறது பத்தாதாடா ஜெய்? பேப்பரும் சேந்து திருத்தணுமா?" என்பான். நான் பெஞ்சில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது ஊஞ்சல் துணியில் படுத்துக்கொண்டு, என் பேனா கீறும் சத்தத்துக்குத் தாளம் போடுவான்.

அவனுடைய படிப்பெல்லாம் மூக்கில் இருந்தது. பீப்பாய்க் கிடங்குக்குள் நுழைந்து நாலு எட்டு வைத்ததும் எந்த வரிசையில் எந்தப் பீப்பாய் கசிகிறது என்று சொல்லிவிடுவான். ஒவ்வொரு வருடமும் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவது தேவதைகளின் பங்கு என்று மேனேஜர் பில்கிரிம் சார் விருந்தாளிகளிடம் சொல்வார். ஆஸ்மண்ட் என் காதில், "இவ்வளவு குடிக்கிற தேவதைகள நம்பியா நாம ஜெபம் பண்றோம்" என்பான். நாற்பத்தோராம் பீப்பாய், அதாவது உங்கள் புட்டியில் இருக்கும் ரம், அவன்தான் முதலில் கண்டுபிடித்தது. மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே மிச்சமிருந்தது. இரண்டு பேரும் சில சனிக்கிழமை மதியங்களில் மூடியைக் கழற்றி ஆளுக்கு ஒரு வாய் எடுப்போம். முதல் சொட்டைத் தரையில் செத்தவர்களுக்கு விடுவோம். பிறகு அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். கறுத்த நேந்திரத் தோல். மிளகுச் சட்டியின் அடியில் பிடித்த கசப்பு. எரித்த கரும்புக் காட்டில் மறுநாள் காலை. ஞாயிற்றுக்கிழமை துடைத்த கோயில் பெஞ்சு. கடைசியில், மழைக்கு முன்னால் தகரக் கூரை.

இந்த வார்த்தைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். நீங்கள் அச்சில் போட்டவை இவைதான். நான் சொன்னதாகப் போட்டீர்கள்.

நீங்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் பில்கிரிம் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். லண்டனிலிருந்து பெயர் பெற்ற ஒருவர் ருசி பார்க்க வருகிறார். கொட்டகை ஆள் ஒருவன் கூட உட்கார்ந்து சொன்னால் நன்றாக இருக்கும். அன்று நன்றாகச் சொல்கிறவனைப் பிறகு ருசி அறைக்கே எடுத்துக்கொள்வோம் என்றார். ருசி அறை என்றால் நாற்காலி, வெள்ளைச் சட்டை, மின்விசிறி. தொட்டிக்குள் இறங்க வேண்டாம். எனக்கு அப்போது ஐம்பத்தொன்று. ஏணியில் ஒரு படி இறங்கினால் முழங்கால் இரண்டு நாள் பேசும். சார் பேசும்போது ஆஸ்மண்டைப் பார்த்துத்தான் பேசினார். அது நியாயம்தான்.

ஆஸ்மண்டுக்கு எழுதத் தெரியாதே என்று நான்தான் நினைவுபடுத்தினேன். ருசி அறையில் தினமும் குறிப்பு எழுத வேண்டும். சார் யோசிக்கவே இல்லை. அவன் சொல்லட்டும், நீ எழுது, வாரத்தில் ஒரு நாள் வந்து மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போ என்றார். வெளியே வந்ததும் ஆஸ்மண்ட் என் தோளில் கை போட்டான்.

"கவலப்படாதடா. நான் சொல்றேன், நீ எழுது. டீச்சர்கிட்ட எழுதிப் பழகின கை வீணாப் போகாது."

அவன் அன்பாகத்தான் சொன்னான். ஏழு வருடமாக விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கற்றது இன்னொருவன் வாயிலிருந்து வருவதை எடுத்து வைப்பதற்குத்தானா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தோன்றியது. அது என்னுடைய சின்னத்தனம். மறைக்கவில்லை.

தொட்டி வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் ஊறல் தொட்டிகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மரத்தில் செய்தவை, இரண்டு ஆள் உயரம், மேலே வாய், அடியில் கையகல மதகு. மொலாசஸும் தண்ணீரும் அதில் புளிக்கும். புளிக்கும்போது கிளம்பும் காற்று கனமானது. ஊறலை இறக்கின பிறகும் அது தண்ணீர் மாதிரி அடியில் தேங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. மதகைத் திறந்து மூன்று நாள் விட்டால் வழிந்து போய்விடும். அதற்கு முன்னால் உள்ளே இறங்கினவன் நிமிர்ந்து நிற்கும்வரை நன்றாக இருப்பான். தரையைத் தேய்க்கக் குனிந்தால் மறுபடி நிமிர மாட்டான்.

வேறு எஸ்டேட்டுகளில் மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பார்களாம். எங்கள் கொட்டகையில் நெருப்பு ஆகாது, பக்கத்திலேயே சாராயம். அதனால் மூக்கால் பார்ப்போம். மதகடியில் குனிந்து பலமாக ஓர் இழுப்பு. சோடா குடித்து ஏப்பம் விட்டதுபோல் மூக்குச் சுரீரென்றால் காற்று உள்ளே இருக்கிறது. அந்த இழுப்பு இழுத்தால் மூக்குச் செத்துவிடும். அரை நாளுக்கு வெங்காயமும் தெரியாது, ரம்மும் தெரியாது.

அது முதல் காவல். இரண்டாவது, இறங்குகிறவன் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் வெளியே இருப்பவன் இழுக்க வேண்டும். மூன்றாவது, உள்ளே இருப்பவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனை மேலே கப்பி வழியாக வெளியே இருப்பவன் மணிக்கட்டுக்கு வரும். எனக்கு எழுத்து வந்த பிறகு நாலாவதாக ஒன்று சேர்ந்தது. மதகு திறந்த நாளைத் தொட்டியின் மேல் சாக்பீஸால் எழுதுவது. பில்கிரிம் சாருக்கு அது மிகவும் பிடித்தது. அவர் மற்ற மூன்றையும் பார்க்க மாட்டார். சாக்பீஸைத்தான் பார்ப்பார்.

நீங்கள் வந்தது வியாழக்கிழமை. தொட்டிகளுக்கு நடுவில் மேஜை போட்டு உங்களை உட்கார வைக்க வேண்டும் என்று சார் விரும்பினார். ஏழாம் தொட்டி மட்டும் அடிமண்டியோடு நாறியது. நீங்கள் வருவதற்குள் அதைக் கழுவிவிட வேண்டும் என்றார். அதன் ஊறலை நான் இறக்கி மதகைத் திறந்தது புதன்கிழமை காலையில். ஆஸ்மண்டுக்கு அது தெரியாது. அந்த வாரம் முழுக்க அவன் அந்தப் பக்கக் கிடங்கில் உங்களுக்கான பீப்பாய்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். கழுவ வேண்டுமென்றால் தொட்டியின் மேல் திங்கட்கிழமை என்று இருக்க வேண்டும். சார் கழுவச் சொல்லிவிட்டார். அதனால் நான் திங்கட்கிழமை என்று எழுதினேன்.

உள்ளே இறங்கும் முறையை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வோம். அன்று முறை என்னுடையது. முழங்கால் வலிக்கிறது என்றேன்.

"உன் முழங்காலுக்கு விருந்தாளி வர்ற நாள் எல்லாம் கரெக்டா தெரியுதுடா" என்றான் ஆஸ்மண்ட். ஆனால் அவன் தகராறு செய்கிற ஆள் இல்லை. அரை மணியில் முடித்துவிட்டுக் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு மேஜைக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். சலவைச் சட்டை ஆணியில் தொங்கியது. டீச்சர் தேய்த்துக் கொடுத்தனுப்பியது.

பழக்கத்தில் மதகடியில் குனிந்தான். குனிந்தவன் பாதியில் நிமிர்ந்துகொண்டு விரலால் மூக்கைத் தட்டிக் காட்டினான்.

"இன்னைக்கு இத வீணாக்க முடியாது. என்னடா எழுதி வெச்சிருக்க மேல?"

"திங்கக்கிழமை."

"டீச்சர் சொல்லிக்குடுத்த எழுத்து. தப்பா இருக்காது" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினான்.

அவன் அப்படித்தான் செய்வான் என்று எனக்குத் தெரியும். ருசி பார்க்கப் போகிற நாளில் மூக்கைக் காப்பாற்றிக்கொள்ளாத ஆள் எங்கள் கொட்டகையில் இல்லை. அவன் காலையிலிருந்து மிளகுகூடத் தொடவில்லை.

நீங்கள் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டீர்கள். ஆஸ்மண்ட் உள்ளே சுவர்ப் பலகைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். படகில் போன மாமியாரைப் பற்றி அவனே கட்டின பாட்டு. படகு கவிழ்ந்து பாத்திரம் மட்டும் கரைக்குத் திரும்பி வரும். யார் பாடுகிறார்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். எங்கள் ருசிக்காரர்தான், இப்போது வந்துவிடுவார் என்றார் சார். நீங்கள் சிரித்தீர்கள். காத்திருக்கும் நேரத்தில் இவரும் ஒரு வாய் பார்க்கட்டுமே, இவருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று சார் என்னைக் கைகாட்டினார். நான் மேஜை அருகில் நின்றபடியே இருந்தேன். இடது மணிக்கட்டில் கயிறு இருந்தது. அது எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை.

கோப்பையை எடுத்து முகர்ந்தேன். சொல்ல வாயைத் திறந்தால் அவனுடைய வார்த்தைகள்தான் வரிசையில் நின்றன. கறுத்த நேந்திரத் தோல் என்றேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள், உடனே எழுதினீர்கள். எரித்த கரும்புக் காட்டில் மறுநாள் காலை என்றேன். அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னீர்கள். அதுவரை நான் சொன்னதை யாரும் எழுதினதில்லை, மிஸ் ஏப்ரம்ஸ். சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். அவர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு நீங்கள் பையிலிருந்து ஸ்டாப்வாட்சை எடுத்தீர்கள். விழுங்கினதும் நான் அழுத்துகிறேன், ருசி முழுக்கப் போனதும் ஒரு விரலைத் தூக்குங்கள் என்றீர்கள். நான் விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பாட்டு கொஞ்ச நேரத்தில் நின்றது. மாமியார் படகில் ஏறின வரியில் நின்றது. கயிறு ஒருமுறை இழுத்தது, பிறகு சும்மா கிடந்தது.

பாட்டு இடையில் நிற்பது உண்டுதான். எச்சில் துப்ப, பிரஷ்ஷைக் கழுவ. விசாரணையில் நான் இதைத்தான் சொன்னேன். ருசியில் கவனமாக இருந்ததால் தெரியவில்லை என்றும் சொன்னேன். நீங்களும் அதை ஆமோதித்தீர்கள். அவ்வளவு ஆழ்ந்து ருசி பார்க்கிற மனிதரைக் கண்டதே இல்லை என்று அதிகாரியிடம் சொன்னீர்கள். குறிப்பிலும் அப்படியே எழுதினீர்கள். கண்ணை மூடி நின்ற அந்தத் தொழிலாளியின் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கியது, ஒரு ரம் ஒரு மனிதனை இப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை என்று. அந்த வரியைப் படித்துத்தான் பலர் அந்தப் புட்டியை வாங்கினார்கள் என்று சார் சொல்வார்.

விரலைத் தூக்கினேன். நான்கு நிமிடம் இருபது நொடி என்று நீங்கள் சத்தமாகச் சொன்னீர்கள். சார் கை தட்டினார். அதற்குப் பிறகு நான் திரும்பி, பாட்டு நின்றுவிட்டதே என்று சொல்லிக் கயிற்றை இழுத்தேன். மற்ற ஆட்களும் ஓடி வந்து இழுத்தார்கள். நீங்களும் இழுத்தீர்கள், உங்கள் உள்ளங்கைத் தோல் உரிந்தது. மேலே வந்தபோது அவன் முகம் கழுவினதுபோல் சுத்தமாக இருந்தது. மார்பில் கை வைத்து அழுத்தினவனும் நான்தான். வியர்த்து ஒழுகும்வரை அழுத்தினேன்.

மதகில் மண்டி அடைத்ததால் காற்று முழுக்க வழியவில்லை என்று முடிவு செய்தார்கள். மண்டி கொஞ்சம் இருந்தது உண்மைதான்.

மறுநாள் காலையில் ஐஸ்மே டீச்சர் கொட்டகைக்கு வந்தார். அழவில்லை. ஏழாம் தொட்டியின் முன்னால் போய் நின்று சாக்பீஸ் எழுத்தைப் பார்த்தார். வகுப்பில் என் நோட்டைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது நீங்க எழுதினதா ஜெய்கரன்?"

"ஆமா டீச்சர்."

"திங்கக்கிழமதான் தெறந்தீங்களா?"

"திங்கக்கிழமதான்."

"அப்ப மூணு நாள் ஆயிருக்கே" என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. உங்கள யாரும் குத்தம் சொன்னா எங்கிட்ட அனுப்புங்க" என்றார்.

யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் என்னை ருசி அறைக்கு எடுத்துக்கொண்டார்கள். உங்கள் குறிப்பு அச்சாகி வந்ததும் டீச்சரே கேட்டு வாங்கிப் படித்தார். பெஞ்சில் உட்கார்ந்து வரி வரியாகச் சத்தமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "எல்லாம் அவர் பேசற மாதிரியே இருக்கு ஜெய்" என்றார். அதுவரை அவர் என்னை முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். கூடவே இருந்து பழகிவிட்டது டீச்சர் என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. இன்றைக்கும் கறுப்புக் கேக் செய்தால் எனக்கு ஒரு துண்டு வரும். நான் அதை வாங்கிக்கொள்கிறேன். சாப்பிட்டும் விடுகிறேன். அவர் தட்டைத் திருப்பிக் கேட்கும்போது காலியாக இருக்க வேண்டும் அல்லவா.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அந்த ரம் விழுங்கின பிறகு வாயில் ஒன்றரை நிமிடம் நிற்கும். உங்கள் நண்பர்கள் சரியாகச் சொன்னார்கள். எனக்கும் அன்று ஒன்றரை நிமிடத்தில் போய்விட்டது. கடைசியாகத் தகரக் கூரை வந்தது, அதுவும் போய்விட்டது, பிறகு வாயில் எச்சில்தான் இருந்தது. அப்போதே விரலைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கினால் கண்ணைத் திறக்க வேண்டும். கண்ணைத் திறந்தால் கையில் கயிறு இருக்கும்.

பாட்டு நின்றது எனக்குத் தெரிந்தது. அந்த நொடியே தெரிந்தது. பத்தொன்பது வருடம் அந்தப் பாட்டைக் கேட்ட காது. முதலில் ஏதோ மரத்துப்போய்விட்டது, கை வரவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகு ஒன்பது நாள் உட்கார்ந்து யோசித்தேன். கை மரத்துப் போகவில்லை. வலது கை கோப்பையைச் சிந்தாமல் பிடித்திருந்தது.

பாட்டு நிற்பதற்கு முன்னால்கூட ஒன்று உண்டு. ஆஸ்மண்ட் மதகடியில் பாதி குனிந்து நிமிர்ந்தபோது, புதன்கிழமை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் இறங்கியிருக்க மாட்டான். சிரித்துக்கொண்டே போய்க் குளித்திருப்பான். மேஜையில் உட்கார்ந்து உங்களிடம் எல்லாவற்றையும் என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பான். நான் பின்னால் நின்று எழுதியிருப்பேன்.

இன்னும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். இதை விசாரணையில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது. அதற்கு ஆறு வருடம் முன்னால் மூன்றாம் தொட்டிக்குள் நானே மயங்கி விழுந்தேன். மதகடியில் சரியாக முகராமல் இறங்கிவிட்டேன். பாட்டு நின்றதும் ஆஸ்மண்ட் இழுத்தான். கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டு அவனுக்கு நேரமாகிவிட்டது. மேலே கொண்டுவந்து அழுத்தி, ஊதி, என்னை எழுப்பினான். வேலை போய்விடும் என்று இரண்டு பேரும் வெளியே சொல்லவில்லை. எவ்வளவு நேரம்டா கிடந்தேன் என்று கேட்டேன். மூன்று நிமிடம் இருக்கும் என்றான். மூன்று நிமிடம் கிடந்தவன் மறுநாள் வேலைக்கு வந்தேன்.

அதனால் மூன்று நிமிடம் போதாது என்று எனக்குத் தெரியும். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டுதான் நின்றேன். பாட்டு நின்றதிலிருந்து எண்ணினேன். கன்னத்தில் இறங்கியது கண்ணீர்தான், அதில் பொய் இல்லை. அவனை எனக்குப் பிடிக்கும்.

அந்தக் குறிப்பில் இருக்கிற வார்த்தைகள் எல்லாம் ஆஸ்மண்டுடையவை. நேரம் ஒன்றுதான் என்னுடையது.

நடந்தது இவ்வளவுதான். இதை நான் பாரமாக வைத்திருந்தேன். காசு கொடுத்து அந்தப் புட்டியை வாங்கினவர்கள் நாலு நிமிடம் காத்திருந்து பார்த்து, தங்கள் நாக்கில்தான் குறை என்று நினைத்திருப்பார்கள். ருசி பார்க்கிறவன் அப்படி மற்றவரை ஏமாற்றக் கூடாது. பன்னிரண்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு குறிப்பிலும் நான் அரை நொடிகூடக் கூட்டி எழுதினதில்லை. வேண்டுமானால் நோட்டுகளை வரவழைத்துப் பாருங்கள். ஆகவே புத்தகத்தில் அதை ஒன்றரை நிமிடம் என்று திருத்திவிடுங்கள். என் பெயர் அங்கேயே இருக்கட்டும், எடுத்தால் ஏன் என்று கேள்வி வரும்.

திருத்தத்துக்குக் காரணம் எதுவும் போட வேண்டாம். ஐஸ்மே டீச்சருக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. புத்தகம் வந்தால் அதை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுவேன். இந்த வயதில், எழுத்தில் பொய் சொல்கிற ஒருவனுக்கா சொல்லிக்கொடுத்தோம் என்று அவர் வருத்தப்படக் கூடாது.